அன்னாசிப்பூ பெட்டியும் சீன மொழிப் படிப்பும்

வெளிநாட்டுக்குப் போய்ச் சீன மொழி படிக்க விண்ணப்பிப்பது எப்படி என்று மளிகைக்காரர்களுக்கு எதற்குக் கட்டுரை என நம் வணிகப் பெருமக்கள் கேட்கலாம். மூன்று வருடத்துக்கு முன் நாமும் அப்படித்தான் கேட்டிருப்போம்.

நாம் பொத்தேரியில் மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரி முதல் மறைமலைநகர் வரையில் உள்ள மெஸ்களும் பிரியாணிக் கடைகளும்தான் நமக்குப் பிரதான வாடிக்கை. 2023 தீபாவளிக்கு முன் நாற்பது பெட்டி அன்னாசிப்பூ எடுத்தோம். பெட்டிக்குப் பத்து கிலோ. மேலே இருந்த பூ பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் பிரியாணி மாஸ்டர்கள் ஒவ்வொருவராக வந்து, "அண்ணாச்சி, இரண்டு மடங்கு போட்டாலும் வாசனை இல்லை" என்று திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

நம்மிடம் வரும் அன்னாசிப்பூவில் ஒரு பகுதி சீனாவின் குவாங்சி மாநிலத்தில் விளைவது. வியட்நாம் சரக்கும் உண்டு. குவாங்சியில் வருடத்துக்கு இரண்டு அறுவடை. இலையுதிர் காலத்தில் வருவது தடித்த இதழ், செம்பழுப்பு நிறம், எண்ணெய்ச் சத்து அதிகம். அதை அங்கே 'தா ஹோங்' என்கிறார்கள். வசந்த காலத்துப் பூ மெலிந்து, நுனி கூராக இருக்கும். வாசனை மட்டு, விலையும் மட்டு. அதற்கு 'ஜியாவ் ஹுவா' என்று பெயர். நமக்கு வந்தது இரண்டாவது ரகம், கொடுத்ததோ முதல் ரகத்து விலை.

தரகரைக் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் இன்றும் காதில் இருக்கிறது: "பெட்டியிலேயே ரகம் போட்டிருக்கிறதே, பார்த்துத்தானே இறக்கினீர்கள்?" போட்டிருந்தது உண்மை. சீன எழுத்தில் போட்டிருந்தது. செல்போனைக் காட்டிப் பார்த்தால் 'கொம்புப் பூ' என்று மொழிபெயர்த்தது. கொம்பும் பூவும் நமக்குத் தெரியும், 'கொம்புப் பூ' என்றால் மட்டரகம் என்று யாருக்குத் தெரியும்? அறுபதாயிரம் ரூபாய் கையை விட்டுப் போயிற்று.

நம் பேத்தி அப்போது தாம்பரத்தில் பி.காம். கடைசி வருடம். மாலையில் வந்து பில் போடுவாள். "ஏன் தாத்தா, இத்தனை கடையில் பெட்டியைப் படிக்கத் தெரிந்தவர் ஒருத்தர்கூட இல்லையா?" என்றாள். நம்மிடம் பதில் இல்லை. சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சிவன் கோயிலுக்காக அங்கிருந்த நம்மவர்கள் பொறித்தது. அதன் கடைசி வரி சீன எழுத்தில் இருக்கிறது. எழுநூறு வருடத்துக்கு முன் போன வணிகர்களுக்கு இருந்த துணை நமக்கு இல்லாமல் போய்விட்டது.

அந்தப் பெண் முதலில் இங்கேயே விசாரித்தாள். நம் ஊர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்திலேயே தைவானின் தேசிய சிங் ஹுவா பல்கலைக்கழகம் கல்வி மையம் வைத்துச் சீனம் கற்பித்த காலம் உண்டு. வேலூர் வி.ஐ.டி.யில் செங்சோ பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து கன்ஃபூசியஸ் மையம் நடந்தது; இத்தகைய மையங்களை மத்திய அரசு 2020-இல் மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. கடைசியில் சென்னையில் ஓர் ஆசிரியையிடம் இணைய வழியில் படித்து, எச்.எஸ்.கே. என்னும் சீன மொழித் தேர்வின் இரண்டாம் படிக்கு உரிய முந்நூறு சொற்களைக் கற்றுக்கொண்டாள். பேச நாலு வார்த்தை வந்ததே தவிர, பெட்டியைப் படிக்க அது போதவில்லை. அங்கேயே ஒரு வருடம் இருந்து படிக்க வேண்டும் என்றாள்.

வீட்டில் அவள் பாட்டி இரண்டு நாள் பேசவில்லை. கடைத்தெருவில் பழைய நண்பர் ஒருவர், "கல்வானில் நம் வீரர்கள் இருபது பேரைப் பலி வாங்கிய நாட்டுக்கா பிள்ளையை அனுப்புகிறீர்?" என்று கேட்டார். 2020 ஜூனில் இறந்த அந்த இருபது பேரில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். அந்தக் கேள்வியை நாம் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பட்டையும் அன்னாசிப்பூவும் அங்கிருந்து வாங்கிக்கொண்டே இருக்கிறோம்; வாங்குகிறவனுக்குப் படிக்கத் தெரிவதில் என்ன தவறு என்றுதான் நமக்குத் தோன்றியது. நண்பருக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

நாம் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏஜெண்ட் ஒருவர், முழு உதவித்தொகை நிச்சயம் என்று சொல்லி இருபத்தைந்தாயிரம் முன்பணம் வாங்கினார். ரசீது கேட்க நமக்கே கூச்சமாகப் போயிற்று. நாற்பது வருடம் ரசீது இல்லாமல் ஒரு மூட்டை இறக்காதவர்கள் நாம். இரண்டு மாதம் கழித்து, மொழிப் படிப்பில் இடம் இல்லை, மருத்துவம் சேர்கிறீர்களா என்று கேட்டார். மதிப்பெண் சான்றிதழ்களின் அசலைத் திருப்பி வாங்கியதே பெரிய பாடு. பணம் வரவில்லை.

பிறகுதான் தெரிந்தது, இதற்கு ஏஜெண்டே தேவையில்லை. பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையப் பக்கத்திலேயே வெளிநாட்டவரிடம் நேரடியாக விண்ணப்பம் வாங்குகின்றன. பட்டம் இல்லாத 'மொழி மாணவர்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆறு மாதமோ ஒரு வருடமோ படிக்கலாம். பொதுவாகப் பன்னிரண்டாம் வகுப்பு போதும், சீனம் ஒரு சொல்கூடத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. செப்டம்பரிலும், பிப்ரவரி-மார்ச்சிலும் வகுப்பு தொடங்கும். செப்டம்பருக்கு வசந்த காலத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. கட்டணம் மாகாணப் பல்கலைக்கழகங்களில் வருடத்துக்குப் பதினையாயிரம் யுவானை ஒட்டியும், பெய்ஜிங், ஷாங்காயில் இருபதாயிரத்துக்கு மேலும் போகிறது. 2025-இல் ஒரு யுவான் நம் பணத்தில் சுமார் பன்னிரண்டு ரூபாயாக இருந்தது. விடுதி, சாப்பாடு தனி. படிப்புக்காக அனுப்பும் பணத்துக்கு வருடம் பத்து லட்சம் வரை டி.சி.எஸ். பிடித்தம் இல்லை என்பது 2025 ஏப்ரல் முதல் உள்ள விதி.

உதவித்தொகை இருப்பதும் உண்மைதான். சீன அரசு தருகிறது. மொழி ஆசிரியர் உதவித்தொகை என்று தனியாகவும் ஒன்று உண்டு. பின்னதற்கு எச்.எஸ்.கே. மதிப்பெண் வேண்டும். நிச்சயம் என்று எவரும் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். தைவானுக்குப் போக விரும்பினால் அந்நாட்டு அரசின் 'ஹுவாயூ' உதவித்தொகை இருக்கிறது. 2012 முதல் சென்னையிலேயே அவர்களின் பண்பாட்டு மையம் இயங்குகிறது. மகிந்திரா சிட்டியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தைவான் கம்பெனிகள் வந்த பிறகு அந்தப் படிப்புக்கும் இங்கே மதிப்பு உண்டு. ஆனால் தைவானில் பழைய முழு எழுத்து. பெட்டிகளில் வருவது சீனாவின் சுருக்கிய எழுத்து. நம் பேத்தி பெட்டியை மனதில் வைத்து, குவாங்சியின் தலைநகரான நான்னிங்கில் உள்ள குவாங்சி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள்.

மொழியைவிடப் பெரிய தடையாக நின்றது நம் இனிஷியல்! தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மதிப்பெண் சான்றிதழில் முன்னால் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பிறப்புச் சான்றிதழில் வேறு விதம். விண்ணப்பத்திலோ குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. மூன்றும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதினோம். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை இன்னும் எடுக்காதவர்கள் இப்போதே இதைக் கவனித்துவிடுங்கள். காவல்துறைச் சான்றைத் தாம்பரம் பாஸ்போர்ட் சேவை மையத்தின் வழியாகப் பெற்றோம். வெளிநாட்டவருக்கான மருத்துவப் படிவம் ஒன்று இருக்கிறது: மார்பு எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை. புகைப்படத்தின் மேல் பாதி விழும்படி ஆஸ்பத்திரி முத்திரை இருக்க வேண்டும். முதல் தடவை முத்திரை ஓரமாக விழுந்ததால் மறுபடி அலைந்தோம். ஆறு மாதத்துக்குத்தான் அது செல்லும்.

எதற்காகப் படிக்கிறீர்கள் என்று ஒரு கடிதமும் கேட்டார்கள். பேத்தி முதலில் பண்பாடு, நாகரிகம் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். படித்துப் பார்த்து, கிழித்துவிட்டு அன்னாசிப்பூ கதையை எழுது என்றோம். எழுதினாள்.

அனுமதிக் கடிதத்துடன் ஜே.டபிள்யூ. 202 என்ற படிவம் வந்தது. அது இருந்தால்தான் எக்ஸ்-1 மாணவர் விசா. சென்னையில் சீனத் துணைத் தூதரகம் திறப்பது என 2015-இல் இரு நாடுகளும் பேசி முடித்தும் இதுவரை வரவில்லை. ஆகவே விசாவுக்கு வெளியூர்தான். அங்கே போய் இறங்கியதும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் போலீஸ் பதிவு, முப்பது நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு மனு. ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். மாணவர் விசாவில் அனுப்பி, அங்கே சரக்கு வாங்க வைக்கலாம் என்று நம்மில் சிலர் கணக்குப் போடுவதைக் கேட்டிருக்கிறோம். அது சட்டத்துக்கு விரோதம், பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும்.

2025 செப்டம்பரில் சிங்கப்பூர் வழியாக அனுப்பி வைத்தோம். 2020-இல் நின்ற நேர் விமானம் அக்டோபர் கடைசியில் கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு மறுபடி வந்தது. ஒரு மாதம் பொறுத்திருந்தால் என்று அவள் பாட்டி இன்னும் சொல்கிறாள்.

கடையில் பில் போட வேறு ஆள் வைத்திருக்கிறோம். மாதக் கணக்கில் ஏதாவது உதைக்கிறது. அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஆகையால் நாம் காலையில் கடை திறக்கும்போது அவள் வகுப்பில் இருப்பாள். சென்ற மாதம் புதிய சரக்கு வந்தபோது, லாரியை நிறுத்தி வைத்துப் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினோம். மதியம் பதில் வந்தது: "தாத்தா, இது தா ஹோங்தான். ஆனால் கீழே சின்ன எழுத்தில் உடைசல் கலந்தது என்று போட்டிருக்கிறது. விலை பேசிவிட்டு இறக்குங்கள்."

தரகரிடம் அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினோம். கிலோவுக்கு நாற்பது ரூபாய் குறைத்துக்கொண்டார்.