ஷாஃப்ட் உதறுகிறதா? எக்ஸெல்லைக் கேளுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல்லில் முதலில் போடுவது பால் கணக்கு, அடுத்தது மளிகைக் கணக்கு. மூன்றாவதாக என்ன போடலாம் என்று கேட்பவர்களுக்கு இந்த மாதம் கொஞ்சம் கிரீஸ் படிந்த கணக்கு ஒன்று.

எங்கள் பொழிச்சலூரில் தெரிந்தவர் ஒருவர் பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். அழகுக்காகப் பின்பக்கத்தை 3 அங்குலம் தாழ்த்தினார். அன்றிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் வண்டியே உதறுகிறது. புரொப்பல்லர் ஷாஃப்டை இரண்டு முறை பேலன்ஸ் செய்தும் பயனில்லை. கோளாறு ஷாஃப்டின் எடையில் இல்லை, அது சாய்ந்திருக்கும் கோணத்தில்.

ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸ் என்று மெக்கானிக்குகள் சொல்லும் யுனிவர்சல் ஜாயிண்ட் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் கார்டானோ, 17ஆம் நூற்றாண்டின் ராபர்ட் ஹூக் ஆகியோரின் பெயரால் வழங்கும் இந்த ஜாயிண்டுக்கு ஒரு குணம் உண்டு. சாய்வாக நின்று சுற்றும்போது, ஒரு பக்கம் சீரான வேகத்தில் போனாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். 10 டிகிரி சாய்வில் 1000 சுற்று என்பது 985க்கும் 1015க்கும் இடையே ஊசலாடும். முன் ஜாயிண்ட் செய்யும் இந்தக் குறும்பைப் பின் ஜாயிண்ட் சரிக்கட்ட வேண்டும். இரண்டு கோணமும் சமமாக இருந்தால்தான் அது நடக்கும்.

இனி அளவு எடுப்போம். வண்டி சமதளத்தில், தன் சக்கரங்களில் நிற்க வேண்டும். ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஹவுசிங் தொங்கி எல்லா அளவும் பொய்யாகிவிடும். சர்வீஸ் ஸ்டேஷன் குழிதான் நல்லது. சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் அடியில் போகாதீர்கள். போனில் சாய்வு காட்டும் லெவல் ஆப்பைத் திறந்து, உறையைக் கழற்றிவிட்டு, போனின் நீண்ட விளிம்பை ஷாஃப்ட் குழாய் மேல் வையுங்கள். கியர்பாக்ஸிலும் பினியனிலும் ஃபிளாஞ்ச் முகத்தில் போனைச் செங்குத்தாக வைத்து, 90 டிகிரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் பிளஸ், முன்பக்கம் தாழ்ந்தால் மைனஸ்.

எக்ஸெல் இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். பி1 செல்லில் கியர்பாக்ஸ், பி2ல் ஷாஃப்ட், பி3ல் பினியன் அளவுகளை டைப் செய்திடுங்கள். பி4 செல்லில் = குறி தட்டி, பி2ஐக் கிளிக் செய்து, மைனஸ் குறி தட்டி, பி1ஐக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். இது முன் ஜாயிண்டின் கோணம். பி5ல் அதேபோல பி2லிருந்து பி3ஐக் கழித்தால் பின் ஜாயிண்ட். விடையில் மைனஸ் வந்தால் கவலை வேண்டாம், அளவுதான் முக்கியம்.

1200 மில்லிமீட்டர் ஷாஃப்ட் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தாழ்த்துவதற்கு முன் கியர்பாக்ஸ் 4, ஷாஃப்ட் 7, பினியன் 4. இரண்டு ஜாயிண்டும் 3 டிகிரி, பிரச்சினை இல்லை. 3 அங்குலம் தாழ்த்தியதும் ஷாஃப்ட் 3.4க்கு வந்துவிடும். பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் இடையே வைத்த கட்டை சாய்வாக வெட்டப்பட்டதாக இருந்து, பினியனின் மூக்கு 7 டிகிரிக்குத் தூக்கிவிட்டால் முன் ஜாயிண்ட் 0.6, பின் ஜாயிண்ட் 3.6. இதுதான் உதறல். ஒவ்வொரு கோணமும் 3 டிகிரிக்குள், அரை டிகிரிக்குக் குறையாமல், ஒன்றுக்கொன்று 1 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அரை டிகிரி எதற்கு? கிராஸுக்குள் இருக்கும் ஊசி பேரிங் கொஞ்சமாவது உருள வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் அழுந்திக் குழி விழும்.

பேலன்ஸ் கோளாறா, கோணமா என்பதை வண்டி ஓடும்போதே பிரித்தறியலாம். இன்னொரு வரியில் வேகத்தை 3.6ஆல் வகுத்து, டயரின் சுற்றளவால் (மீட்டரில்) வகுத்து, கிரவுன் பினியன் விகிதத்தால் பெருக்குங்கள். பழைய வில்லிஸ் ஜீப்புகளில் 43 பல்லுக்கு 8 பல், அதாவது 5.38. சுற்றளவு 2.24 மீட்டர், வேகம் 60 என்றால் ஷாஃப்ட் நொடிக்கு 40 முறை சுற்றும். பேலன்ஸ் கோளாறு என்றால் அதிர்வு 40லும், கோணம் என்றால் அதன் இரட்டிப்பான 80லும் தெரியும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைபாக்ஸ் ஆப்பில் அதிர்வின் ஸ்பெக்ட்ரம் பார்க்கலாம். போனின் சென்சார் நொடிக்கு 160 தடவைக்கு மேல் அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 80 கண்ணில் படாது. போனை ஓட்டுநர் தொடக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

ஒரு சிக்கல். டாப் கியரில் என்ஜினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் வண்டிகளில், நாலு சிலிண்டர் என்ஜினின் அதிர்வும் அதே 80ல்தான் வரும். காலியான சாலையில் ஒரு கணம் கிளட்சை மிதித்து, ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். என்ஜின் அடங்கியும் 80 நின்றால் குற்றவாளி ஷாஃப்ட்தான்.

மேலே சொன்ன உதாரணத்துக்குத் தீர்வு எளிது: சாய்வுக் கட்டையை எடுத்துவிட்டுச் சமமான கட்டை. பினியன் 4க்குத் திரும்பும், இரண்டு ஜாயிண்டும் 0.6 ஆகும். மற்ற வண்டிகளில் ஆப்பு வடிவ இரும்புத் தகடு தேவைப்படலாம். பட்டை ஹவுசிங்குக்கு மேலே இருக்கும் வண்டியில் ஆப்பின் தடித்த பக்கம் முன்னால் வந்தால் மூக்கு இறங்கும். பட்டை கீழே இருக்கும் வண்டியில் இது தலைகீழ். கட்டை மேல் கட்டையாக அடுக்குவதை நான் ஏற்கவே மாட்டேன். லேத் பட்டறையில் ஒரே துண்டாகக் கடைந்து வாங்குங்கள். யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, சில நாள் ஓடியபின் மறுபடி முறுக்குங்கள். இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் சென்டர் பேரிங்கின் உயரமும் கணக்கில் சேரும்.

தாழ்த்தாத வண்டிக்காரர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைப் பற்றிச் சொன்னதையும் பார்த்துவிட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டபின் கை வையுங்கள். தாழ்த்திவிட்டவர்கள் ஸ்லிப் ஜாயிண்டையும் பார்க்க வேண்டும். நம் உதாரணத்தில் அது 7 மில்லிமீட்டர் உள்ளே போயிருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது இன்னும் போக இடம் இல்லையென்றால் அடி கியர்பாக்ஸ் பேரிங்கில் விழும்.