சான்றிதழுக்கு முந்தைய படி: சிறு நிறுவனங்களுக்கான கணினிப் பாதுகாப்பு மதிப்பீடு

உணவகம், மளிகைக் கடை, துப்புரவுச் சேவை, கணக்கியல் அலுவலகம் எனத் தொழில் எதுவாயினும், கணக்குகளும் வாடிக்கையாளர் விவரங்களும் இன்று கணினியிலேயே உள்ளன. அவை களவாடப்பட்டாலோ முடக்கப்பட்டாலோ தொழிலே நின்றுவிடக்கூடும். மேலும், பெரிய நிறுவனங்கள் தமக்குச் சேவை வழங்குவோரிடம் தகவல் பாதுகாப்புச் சான்று கோருவதும் உண்டு. ஐ.எஸ்.ஓ. 27001 போன்ற சான்றிதழுக்கோ நீண்ட ஆயத்தமும் கணிசமான செலவும் தேவை. இந்நிலையில் எங்கிருந்து தொடங்குவது என்பதைக் காட்டுவதே ‘சைபர் ரிசிகோ செக்’ எனும் மதிப்பீடு.

யாருக்குரியது?

50 பேருக்கும் குறைவான பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்காக இது வகுக்கப்பட்டது. 2023இல் வெளியான ‘டின் ஸ்பெக் 27076’ எனும் தரவிதியே இதன் அடிப்படை. கூட்டாட்சித் தகவல் பாதுகாப்பு அலுவலகமான பி.எஸ்.ஐ. அதன் உருவாக்கத்தில் முக்கிய பங்காற்றியது. பங்கேற்பது முற்றிலும் தங்கள் விருப்பம்.

எவ்வாறு நடைபெறும்?

பயிற்சி பெற்ற கணினிச் சேவையாளர் ஒருவர் நிறுவனப் பொறுப்பாளருடன் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் உரையாடுவார். 27 தேவைகள் ஆறு பிரிவுகளில் ஆராயப்படும்:

- நிறுவன ஒழுங்கும் பணியாளர் விழிப்புணர்வும்
- பயனர் கணக்குகளும் அணுகல் உரிமைகளும்
- தரவுகளின் காப்புப் பிரதி
- மென்பொருள் புதுப்பித்தல்
- தீங்கு விளைக்கும் மென்பொருள்களிலிருந்து பாதுகாப்பு
- கணினிகளும் வலையமைப்பும்

பின்னர் புள்ளிகளுடன் கூடிய அறிக்கை வழங்கப்படும். நிறைவேறாத தேவைகளுக்கான பரிந்துரைகள், அவசரத்தின் வரிசையில் அதில் இடம்பெறும். அரசு நிதியுதவி பற்றிய குறிப்புகளையும் அதில் காணலாம்.

சட்டப்படி இதன் நிலை என்ன?

இவ்வறிக்கை சான்றிதழ் அன்று. அவ்வாறு கூறி விற்போரை நம்ப வேண்டாம். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடமைகளையும் இது நீக்காது. தனிநபர் தரவுகள் கசிந்து, அதனால் உரியவர்களுக்கு ஆபத்து நேரக்கூடுமெனில், அறிந்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் மேற்பார்வை அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். இக்கடமை சிறு கடைக்கும் உரியது.

முன்கூட்டியே செய்யவேண்டியவை

- பயன்பாட்டிலுள்ள கணினிகள், கைபேசிகள், மென்பொருள்கள் ஆகியவற்றைப் பட்டியலிடுங்கள்.
- எந்தக் கணக்கை எவர் பயன்படுத்துகிறார் எனக் குறியுங்கள். விலகிச் சென்ற பணியாளரின் அணுகல் நீக்கப்பட்டதா எனப் பாருங்கள்.
- இறுதியாகக் காப்புப் பிரதி எடுத்த நாளைக் குறியுங்கள். அதிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டுப் பாருங்கள். மீட்க இயலாத பிரதியால் பயனில்லை.
- கட்டணத்தை எழுத்தில் பெறுங்கள். உரையாடலின் மொழியையும் முன்னரே கேட்டறியுங்கள்.

உரையாடலில் உள்ளதை உள்ளபடியே கூறுங்கள். இது தேர்வு அன்று. குறைவான புள்ளிகளுக்காகத் தண்டனை ஏதுமில்லை. மறைக்கப்படும் குறைக்கு அறிக்கையில் பரிந்துரையும் இராது. பின்னர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க விரும்பினால், முதலில் சீர்செய்யவேண்டியவை எவை என்பதை இவ்வறிக்கை காட்டும்.

பயிற்சி பெற்ற சேவையாளர்களின் விவரங்களைப் பி.எஸ்.ஐ. இணையத்தளத்தில் காணலாம்.