உங்களுக்குத் தெரியுமா? சாப்பாட்டுக்குப் பின் சோம்பு அல்ல, ஆணுறை!

பாங்காக்கில் 'கேபேஜஸ் அண்ட் காண்டம்ஸ்' (முட்டைக்கோஸும் ஆணுறையும்) என்றொரு உணவகம். சாப்பிட்டு எழுந்தால் மிட்டாய்க்குப் பதில் ஆணுறை தருவார்கள். அங்குள்ள பொம்மைகளின் உடுப்பும் ஆணுறையில் செய்ததுதான்! முட்டைக்கோஸ் மாதிரி ஆணுறையும் எங்கும் கூச்சமில்லாமல் கிடைக்கவேண்டும் என்பது நிறுவனர் மீச்சாய் வீரவைத்யாவின் கட்சி.

1974-இல் தொண்டு நிறுவனம் தொடங்கியவர், டாக்டர் எட்டிப்பார்க்காத கிராமங்களில் பெட்டிக்கடைக்காரர்களுக்கே பயிற்சி தந்து கருத்தடை மாத்திரை விற்கவைத்தார். ஆணுறை ஊதும் போட்டிகூட நடத்தினார். புத்த பிக்குகள் கருத்தடைச் சாதனங்களுக்குத் தீர்த்தம் தெளித்து ஆசி வழங்கினார்கள் (நம்மூரில் நினைத்துப் பார்க்க முடியுமா!). அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டமும் கைகொடுத்தது. தாய்லாந்தில் 1970-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஐந்து பிள்ளைகளுக்கு மேல், 1990-களில் இரண்டுதான். இப்போது தாய்லாந்து அரசின் கவலையோ, பிறப்பு போதவில்லை என்பது!