லாரிப் பட்டைகள்: கூட்டினால் என்ன? நகர்த்தினால் என்ன?

கெங்கவல்லி வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். பின் அச்சின் மேல், வளைந்த எஃகுத் தகடுகள் கட்டாக அடுக்கப்பட்டிருக்கும். இவற்றைப் 'பட்டை' என்பார்கள். 2014 வரை தயாரான அம்பாசிடர் காரின் பின்புறத்திலும் இத்தகைய பட்டைகளே இருந்தன.

தடித்த பட்டை ஒன்றே போதாதா? போதாது. தடித்த தகட்டை வளைத்தால் அதன் மேற்பரப்பு மிகுதியாக இழுபட்டு விரிசல் விடும். மெல்லிய தகடுகளோ ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி, எளிதில் வளையும். அந்த உராய்வு அதிர்வையும் தணிக்கும். வளைக்கும் விசை நடுவில் மிகுதி; முனைகளில் இல்லை. ஆகவேதான் நடுவில் பல தகடுகளும் முனையில் ஓரிரு தகடுகளும் அமைகின்றன.

கூடுதல் பாரம் ஏற்றுவதற்காகச் சிலர் பட்டை கூட்டுவதுண்டு. ஒரே தடிப்புள்ள 8 பட்டைகளை 9 ஆக்கினால், விறைப்பு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு உயரும். பாரம் ஏற்றும்போது லாரி முன்னைவிடக் குறைவாகத் தாழும். ஆனால் அச்சு, டயர், பிரேக் ஆகியவற்றின் வலிமை சிறிதும் கூடவில்லை! எடை ஒன்றரை மடங்கானால், அதே வேகத்தில் இயக்க ஆற்றலும் ஒன்றரை மடங்காகும். அவ்வளவையும் பிரேக்கே வெப்பமாக மாற்ற வேண்டும். மலைச் சரிவில் இது உயிருக்கே ஆபத்து. பதிவுச் சான்றில் குறித்த எடைக்கு மேல் ஏற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் தடுக்கிறது. வெறும் வண்டியாக ஓடும்போதோ விறைத்த பட்டை சக்கரத்தைத் துள்ள வைக்கும். சாலைப் பிடிப்பு குறையும்.

பட்டையின் இடமும் முக்கியம். 1964-இல் வெளிவந்த மஸ்டாங் போன்ற அமெரிக்கக் கார்களில் அகலமான டயர் பொருத்த விரும்புவோர், பின் பட்டைகளை உட்புறமாக நகர்த்துகின்றனர். இதனால் டயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் வளைவில் வண்டி சாயும்போது பட்டை அமுங்கும் அளவு குறைகிறது. அதன் நெம்புகோல் கையும் குறுகுகிறது. இரண்டும் சேர்வதால், சாய்வைத் தடுக்கும் திறன் இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது. இடைவெளி 100 செ.மீ.யிலிருந்து 80 செ.மீ. ஆனால், பட்டைகள் தரும் அத்திறன் 64 சதவீதமாகிவிடும்.

நீங்களே செய்து பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை மேசை விளிம்புக்கு வெளியே 20 செ.மீ. நீட்டி, மேசைமேல் உள்ள பகுதியை அழுத்திப் பிடியுங்கள். முனையில் சிறு எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று அளவெடுங்கள். இரண்டு அளவுகோல்களை அடுக்கினால் தாழ்வு ஏறக்குறைய பாதியாகும். ஒன்றையே 10 செ.மீ. மட்டும் நீட்டினால்? விடையை அளந்து கண்டுபிடியுங்கள். நீளத்தின் கனத்தோடு ஒப்பிடுங்கள்.