கரையோரக் கூத்துக் களரியும் கத்தோலிக்கமும்

இலங்கைத் தமிழரின் பண்பாட்டு வரலாற்றிலே கத்தோலிக்கம் பெறும் இடம் பற்றி இருவகையான கருத்துக்கள் நிலவி வந்துள்ளன. குடியேற்றவாத ஆட்சியின் கருவியாக வந்த அந்நிய சமயமே அது என்பது ஒன்று. அச்சையும் உரைநடையையும் அகராதியையும் தமிழுக்கு அளித்த கொடையாளியே அது என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும், இவ்விரண்டுக்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு. இரண்டுமே பாதிரிமாரையும் ஆட்சியாளரையும் வரலாற்றின் கருத்தாக்களாகக் கொள்கின்றன. அச்சமயத்தைத் தழுவி, நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அதனைத் தமதாக்கிக்கொண்ட மக்களைக் காண்பதில்லை. மன்னார், யாழ்ப்பாணக் கரையோரங்களின் கூத்து மரபினை ஆதாரமாகக் கொண்டு இம்மக்களின் பங்கினை நோக்குவதே எமது நோக்கமாகும்.

முதலில் வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவோம். பாக்குநீரிணையின் மறுகரையில், முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களிலே போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடி, கூட்டமாகக் கத்தோலிக்கத்தைத் தழுவினர். பிரான்சிஸ் சவேரியார் அங்கு வந்தது அதன் பின்னர், 1542 இலேயாம். மன்னாரிலே மதம் மாறியவர்கள் 1544 இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணைப்படி கொல்லப்பட்டனர். 1560 இல் மன்னாரும் 1619 இல் யாழ்ப்பாண இராச்சியமும் போர்த்துக்கேயர் வசமாயின. இம்மதமாற்றத்தை ஆன்மிக நிகழ்ச்சியாக மட்டுமோ வன்முறையின் விளைவாக மட்டுமோ விளக்கிவிட முடியாது. முத்தும் மீனும் கடல் வாணிபமும் யாருடைய கட்டுப்பாட்டில் இருப்பது என்ற பொருளியற் போட்டியும், நிலவுடைமையை அடிப்படையாகக் கொண்ட சாதியமைப்பிலே கடற்றொழிலாளர் வகித்த நிலையும் இதனுடன் பின்னிப்பிணைந்திருந்தன.

எனினும், ஆட்சிப் பலத்தினால் மட்டும் நிலைத்த சமயமாயின், அவ்வாட்சி நீங்கியதும் அது அழிந்திருத்தல் வேண்டும். 1658 இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியபோது இவ்வுண்மை சோதனைக்குள்ளாயிற்று. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர், வழிபாடு தடைசெய்யப்பட்டது, ஆட்சியாளரின் சீர்திருத்தச் சபையைச் சார்ந்திருத்தல் உத்தியோகத்துக்கு உரிய தகுதியாயிற்று. 1687 இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யோசேவ் வாஸ் அடிகள் வந்து சேரும் வரை, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் இக்கரையோர மக்கள் குருமாரின்றியே தம் சமயத்தைக் காத்துவந்தனர். மாந்தையிலிருந்து மாதாவின் திருவுருவத்தைக் காட்டு வழியே எடுத்துச் சென்று மடுவிலே வைத்து வணங்கியவர்கள் அவர்களே என்பது மரபு. போர்த்துக்கேயரின் சமயம் தமிழ்க் கத்தோலிக்கமாக மாறியது இந்தக் காலத்திலேயே எனக் கொள்வது தவறாகாது. பூசை வைக்கக் குருவானவர் இல்லாதவிடத்து, மனனம் செய்யத்தக்க பாட்டும் செபமும் ஒப்பாரியுமே சமயத்தைச் சுமந்து செல்லும் ஊடகங்களாயின.

இந்நோக்கிலே அக்கால இலக்கியங்களைப் பார்க்கும்போது அவற்றின் வடிவத் தெரிவு பொருள் பொதிந்ததாகத் தோன்றுகின்றது. தெல்லிப்பழைப் பேதுருப்புலவர் சந்தியோகுமையோர் பேரில் அம்மானை பாடினார். ஞானப்பள்ளு பள்ளுப் பிரபந்த வடிவினை மேற்கொண்டது. அம்மானையும் பள்ளும் பொதுமக்களின் வாய்மொழி மரபோடு நெருங்கிய உறவுடையவை. 1705 இல் இலங்கைக்கு வந்து 1742 இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கம் இன்னொரு வகையிற் குறிப்பிடத்தக்கது. உரைநடையாக அமைந்தபோதிலும், தவக்காலத்திலே இசைத்து வாசிக்கப்பட்டுவந்த அந்நூல், இழவு வீட்டிலே பெண்கள் அழும் மரபினை அறிந்த செவிகளுக்கு அந்நியமாக ஒலிக்கவில்லை.

இவற்றையெல்லாம் உள்வாங்கி வளர்ந்ததே கரையோரக் கூத்து. மன்னார்ப் பகுதிக் கூத்துக்கள் வடபாங்கு, தென்பாங்கு என இருவகைப்படும். முன்னையதை யாழ்ப்பாணப் பாங்கு என்றும் பின்னையதை மாதோட்டப் பாங்கு என்றும் வழங்குவர். நாடகத்தின் சுருங்கிய வடிவம் வாசாப்பு எனப்படும். ஏட்டினை வைத்திருந்து பழக்குபவர் அண்ணாவியார். நடிப்பவரோ கடலுக்குச் சென்று மீளும் தொழிலாளர். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களில் ஆட்டம் சிறப்புறுவது போல, இங்கு பாட்டே தலைமை பெறுகின்றது. ஒரு புனிதரின் திருநாளையொட்டி இரவிரவாக இது நிகழ்த்தப்படும்போது ஊர் முழுவதும் அதிற் பங்குகொள்கின்றது. எழுத்தறிவு சிலருக்கே உரியதாயிருந்த காலத்தில், நூற்றுக்கணக்கான பாடல்களை மனனம் செய்த மீனவ இளைஞனுக்குத் தமிழ்க் கல்வி வழங்கிய கூடம் இக்கூத்துக் களரியேயாகும்.

கூத்துக்களின் கதைப்பொருளும் ஆராயத்தக்கது. என்றிக்கு எம்பரதோர் நாடகத்தின் பெயரிலேயே பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் தமிழுருப் பெற்றுள்ளது. மூவிராசாக்கள் நாடகம் பாலன் யேசுவைக் காண வந்த கீழ்த்திசை அரசரின் கதை. மாற்றாந்தாயின் சூழ்ச்சியாற் கைகளை இழந்து, மாதாவின் அருளால் அவற்றை மீளப்பெறும் ஞானசவுந்தரியின் கதையோ ஐரோப்பிய நாட்டார் கதை மரபிலே பரவலாகக் காணப்படுவது. ஆனால், அரசன் கொலுவுக்கு வரும் முறையும், கட்டியகாரன் கூறும் கட்டியமும், பெண்ணின் புலம்பலும் முற்றிலும் தமிழ்க் கூத்து மரபுக்குரியவை. துயருறும் ஞானசவுந்தரியிலே பார்வையாளர் கண்டது ஐரோப்பிய அரசகுமாரியை அன்று. நல்லதங்காளின் உடன்பிறவாச் சகோதரியையே கண்டனர்.

மொழியிலும் இத்தகைய தன்மயமாக்கத்தைக் காணலாம். கதிரை, மேசை, வாங்கு, குசினி, அலவாங்கு, சப்பாத்து, துவாய், பாண், தவறணை எனப் போர்த்துக்கேயச் சொற்கள் பல ஈழத்து வழக்கிற் கலந்துள்ளன. சமய வேறுபாடின்றி அனைவரும் இவற்றை ஆள்கின்றனர். இவற்றை அந்நியமென இன்று எவரும் உணர்வதில்லை. சொல்லுக்கு நாம் வழங்கிய இவ்வுரிமையை, அச்சொற்களோடு வந்த சமயத்தைத் தழுவிய மக்களின் கலைக்கு ஏன் வழங்கத் தயங்கினோம் என்பது சிந்திக்க வேண்டிய வினாவாகும்.

அதேவேளை, இம்மரபினைக் குறைகாணாது போற்றுவதும் ஆய்வாகாது. கடவுளின் முன் அனைவரும் சமம் என்ற போதனை சாதியமைப்பைத் தகர்த்துவிடவில்லை. ஒரே கரையோரத்திலே சாதிக்கொரு கோயில் எழுந்ததும், ஆலயத்தினுள்ளே இருக்கை வேறுபாடு பேணப்பட்டதும் வரலாறாகும். முடிசூடிய அரசரும் புனிதருமே கூத்துக்களின் தலைமாந்தராயினர். அதனை ஆடிய தொழிலாளியின் வாழ்க்கை அரிதாகவே மேடைக்கு வந்தது. ஆயினும் முரண்பாடுகளினூடே புதிய நோக்குகளும் பிறந்தன. மன்னாரின் மறைசாட்சிகளைக் கொல்வித்தவன் பெயரும் போர்த்துக்கேயரிடம் அரசிழந்தவன் பெயரும் சங்கிலியே. அப்பெயருக்குரிய வீரனைச் சங்கிலியன் கூத்திலே கத்தோலிக்கக் கலைஞர்கள் நாயகனாக ஆடினர்; அப்பாத்திரத்திற் பூந்தான் யோசேப்பு பெரும்புகழ் பெற்றார். சமய நினைவும் இன நினைவும் மோதும் இடத்தில், மக்கள் கலை தனக்கென ஒரு வழியைத் தெரிந்துகொண்டமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேற்கொண்ட முயற்சியாற் கல்வியுலகின் கவனம் இக்கூத்துக்களின்பால் திரும்பியது. என்றிக்கு எம்பரதோர் நாடகம் 1964 இலும், மூவிராசாக்கள் நாடகம் 1966 இலும், ஞானசவுந்தரி நாடகம் 1967 இலும் அச்சேறின. 1965 இல் மரியசேவியர் அடிகள் தோற்றுவித்த திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் காட்சிகளையும் நாட்டுக்கூத்தினையும் நவீன அரங்குக்குக் கொண்டுவந்தது. எனினும், ஈழத்தின் தேசிய அரங்கு பற்றிய விவாதங்களிலே மட்டக்களப்புக் கூத்து பெற்ற கவனத்தை இக்கரையோரக் கூத்து பெற்றதாகக் கூறுவதற்கில்லை. அதனைச் சமய நாடகமென ஒதுக்கும் மனப்பாங்கே இதற்கு முக்கிய காரணம் என நாம் கருதுகின்றோம். இராமாயண, பாரதக் கதைகளை ஆடும் கூத்து தேசியக் கலையாயின், ஞானசவுந்தரி கதையை ஆடும் கூத்து மட்டும் ஒரு சமயத்தாரின் கலையாகச் சுருங்குவது எங்ஙனம்?

போர்க்காலம் இவ்வினாவினை மேலும் கூர்மையாக்கியது. 1990 இல் மயிலிட்டி முதலிய கரையோரக் கிராமங்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 இலேயே விடுவிக்கப்பட்டது. ஒரு கூத்து வாழ்வதற்கு ஏடு மட்டும் போதாது. அண்ணாவியாரும், பழகும் இளைஞரும், திருநாளும், அதனைக் கூடியிருந்து பார்க்கும் ஊரும் வேண்டும். ஊர் சிதறுமாயின் கூத்தும் சிதறும். எனவே, எஞ்சியுள்ள ஏடுகளைத் தொகுப்பதும், முதிய அண்ணாவிமாரின் மெட்டுக்களை ஒலிப்பதிவு செய்வதும் உடனடிப் பணிகளாகும். அவற்றோடு, இம்மரபினைத் தமிழ் நாடக வரலாற்றின் பின்னிணைப்பாகவன்றி, அதன் இன்றியமையாத ஓர் அத்தியாயமாக எழுதுவதும் ஆய்வாளரின் கடமையாகும். கடலிலே உழைத்து இரவிலே பாடிய மக்கள் தமிழுக்குச் செய்த பணி, அவர்கள் சார்ந்த சமயம் எது என்பதனால் அளவிடப்படலாகாது.