காட்டுப் பாதையில் சைக்கிள்... கொஞ்சம் நில்லுங்க!

தாம்பரத்திலிருந்து மிதித்தால் அரை மணி நேரத்தில் வண்டலூர். ஜி.எஸ்.டி சாலை இரைச்சலைத் தாண்டி, காட்டோரச் செம்மண் பாதையைப் பார்த்ததுமே 'கிராவல்' சைக்கிள்காரர்களுக்குக் கால் பரபரக்கும். அகலமான டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால், சரளைக்கல்லிலும் நல்ல பிடிமானம் கிடைக்கும்.

ஆனால், காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். நன்மங்கலம் காட்டில், கைவிடப்பட்ட கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தைகள் வாழ்கின்றன. பாறைத் திட்டிலேயே முட்டையிடும் அவற்றுக்கு, ஆள் நடமாட்டமே ஆபத்து. நமக்கும்தான்! 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீ, மலையேறச் சென்ற 23 பேரின் உயிரைப் பறித்தது.

காட்டு வாசம்தான் வேண்டுமா? வண்டலூர் உயிரியல் பூங்காவில் வாடகை சைக்கிள் கிடைக்கிறது. பிள்ளைகளோடு மரநிழலில் ஜாலியாகச் சுற்றலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை!