அவர் கேட்ட ராணுவச் சட்டம்!

1936, பிப்ரவரி 26. டோக்கியோ நகரமே பனியில் மூடிக்கிடந்தது. பொழுது விடியும் முன்பே சுமார் 1,500 வீரர்கள், இளம் அதிகாரிகள் சிலரின் தலைமையில் துப்பாக்கிகளோடு கிளம்பினார்கள். நிதியமைச்சர் தகாஹாஷி தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். பிரதமர் ஒகாடா என்று நினைத்து அவருடைய மைத்துனரைச் சுட்டதால், பிரதமர் உயிர்தப்பினார்.

அந்த இளம் அதிகாரிகளில் பலரை உசுப்பியது ஒரு புத்தகம். அதை எழுதியவர் கிதா இக்கி. அவரைப் பற்றிய படம்தான், யோஷிஷிகே யோஷிதா இயக்கி 1973-ல் வெளியான ‘கைகென்ரேய்’. ‘ராணுவச் சட்டம்’ என்று அர்த்தம்.

பெயரிலேயே கதை இருக்கிறது. ‘அரசியல் சட்டத்தை மூன்று ஆண்டுகள் நிறுத்திவைத்து, பேரரசர் ராணுவச் சட்டத்தைக் கொண்டுவர வேண்டும். பணக்காரர்களின் சொத்துக்கு வரம்பு வேண்டும்’ என்று 1919-லேயே எழுதியவர் கிதா. கிராமங்களின் வறுமையைப் பார்த்துக் கொதித்த இளம் அதிகாரிகளுக்கு அது வேதமானது. பேரரசரைச் சுற்றியிருப்பவர்களை ஒழித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார்கள்.

நடந்தது என்ன? பிப்ரவரி 27-ம் தேதி டோக்கியோவில் ராணுவச் சட்டம் வந்தது. புரட்சியை நடத்த அல்ல... அடக்க! யாருக்காகக் கிளம்பினார்களோ, அந்தப் பேரரசரே அவர்களைக் கலகக்காரர்கள் என்றார். நான்கே நாளில் எல்லாம் முடிந்தது.

படம் துப்பாக்கிச் சண்டையைக் காட்டி மிரட்டவில்லை. பெரும்பாலும் கிதாவின் வீட்டுக்குள்தான் நகர்கிறது. 1921-ல் யாசுதா என்ற பெரும் பணக்காரரைக் கொன்றுவிட்டு, தானும் உயிரை மாய்த்துக்கொண்ட இளைஞனின் ரத்தம் தோய்ந்த துணியோடு, அவன் சகோதரி கிதாவைத் தேடி வருகிறாள். பிறகு, குண்டு வைக்கப் போய், துணிச்சல் இல்லாமல் திரும்பிய ஓர் இளம் சிப்பாய் வருகிறான். எழுதிய கை சுத்தமாக இருக்கிறது. படித்தவர்கள் ரத்தத்தோடு வாசலில் நிற்கிறார்கள். இதுதான் படம் எழுப்பும் கேள்வி.

கிதாவாக ரென்தாரோ மிகுனி அசத்தியிருக்கிறார். சத்தம் போடாமல், அதிகம் அசையாமல், உள்ளுக்குள் ஆடிப்போன மனிதரைக் கண்முன் நிறுத்துகிறார். கறுப்பு வெள்ளைக் காட்சிகளில் மனிதர்கள் திரையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறார்கள். நடுவில் வெறும் சுவர், இருட்டு. வரலாற்றின் முன்னால் அவர்கள் எவ்வளவு சிறியவர்கள் என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார் இயக்குநர்.

எழுத்தாளர் யுகியோ மிஷிமா ராணுவ முகாமுக்குள் புகுந்து வீரர்களைக் கலகத்துக்கு அழைத்துத் தோற்று, வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தது 1970-ல். மூன்றே ஆண்டுகளில் இந்தப் படம் வந்தது. அன்றைய ஜப்பானிய ரசிகனுக்கு இது பழங்கதையாக இருந்திருக்க முடியாது.

கலகத்தில் கிதா துப்பாக்கி ஏந்தவில்லை. ஆனாலும் வழக்கறிஞர் இல்லை, மேல்முறையீடு இல்லை என்ற ராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. 1937 ஆகஸ்ட் 19-ம் தேதி சுட்டுக் கொன்றார்கள்.

படத்தின் கடைசிக் காட்சியும் அதுதான். ‘பேரரசர் வாழ்க’ என்று முழங்கப்போகிறாரா என்று அவரிடம் கேட்கிறார்கள். சாகும் நேரத்தில் வேடிக்கை பேசுவதில்லை என்று மறுத்துவிடுகிறார் கிதா. அடுத்து கேட்பது துப்பாக்கிச் சத்தம் மட்டுமே!